கம்பியைக் கடித்த எலிகள்: மனநோய் மருந்துகள் பிறந்த கதை

ஆய்வுக்கூடத்தில் வளரும் ஒரு வெள்ளை எலிக்கு ஆம்பெட்டமைன் என்ற ஊக்கமருந்தை ஊசியில் ஏற்றினால் என்ன ஆகும்? அது அளவைப் பொறுத்தது. எலியின் எடையில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற கணக்கில் கொடுத்தால் எலி ஓட ஆரம்பிக்கும். கூண்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, அங்கிருந்து அடுத்த மூலைக்கு என்று ஓய்வில்லாமல் ஓடும். பின்னங்கால்களில் எழுந்து நின்று மோப்பம் பிடிக்கும். மருந்தை 5 அல்லது 10 மில்லிகிராமாகக் கூட்டினால் ஓட்டம் இன்னும் அதிகமாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நடப்பது வேறு. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு எலி ஓரிடத்தில் நின்றுவிடும். தலையைக் கீழே சாய்த்து அதே இடத்தை முகர்ந்துகொண்டே இருக்கும். பிறகு நக்கும். பிறகு கூண்டின் கம்பியைக் கடிக்கும். மணிக்கணக்கில் அதே கம்பி, அதே கடி. பக்கத்தில் தீனி வைத்தாலும் திரும்பிப் பார்க்காது.

இந்தக் கடியை நிறுத்துவது எப்படி என்ற கேள்வியிலிருந்துதான் மனச்சிதைவு நோய்க்கு இன்று உலகம் முழுவதும் கொடுக்கப்படும் பல மருந்துகள் கண்டெடுக்கப்பட்டன. மருந்துகளின் நல்ல குணங்கள் மட்டும் அல்ல, கெட்ட குணங்களும் இந்த எலிகளிடமிருந்து வந்தவைதான். அது எப்படி என்பது கொஞ்சம் நீளமான கதை.

ஆம்பெட்டமைனை முதன்முதலில் தயாரித்தவர் ருமேனியாவைச் சேர்ந்த லாசர் எடெலியானு. ஆண்டு 1887, இடம் பெர்லின். அதனால் என்ன பயன் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 40 ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் கார்டன் ஆலஸ் என்பவர் அதே பொருளை மறுபடி தயாரித்துத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். 1930களில் அது 'பென்செட்ரின்' என்ற பெயரில் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் மருந்தாகக் கடைக்கு வந்தது. தூக்கத்தை விரட்டுகிறது, பசியை அடக்குகிறது, களைப்பு தெரிவதில்லை என்று தெரிந்ததும் மாணவர்கள், லாரி ஓட்டுநர்கள், இரண்டாம் உலகப்போர் வீரர்கள் என்று எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. ஜெர்மானியப் படைகளுக்கு இதன் நெருங்கிய உறவான மெத்தாம்பெட்டமைன் 'பெர்விடின்' என்ற பெயரில் கொடுக்கப்பட்டது. ஜப்பானில் அதே பொருள் 'ஹிரோபான்'. போருக்குப் பிறகு அங்கே அதற்கு அடிமையானவர்கள் பெருகிப் போய், 1951இல் தனிச்சட்டமே போட வேண்டியதாயிற்று.

மருத்துவர்கள் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. இந்த மருந்தை அதிகமாக எடுத்துக்கொண்டவர்களில் சிலர், யாரோ தங்களைத் துரத்துகிறார்கள், தங்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். காதில் குரல்கள் கேட்டன. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் பிலிப் கானல் இப்படிப்பட்ட 42 நோயாளிகளைப் பற்றி 1958இல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். மருந்து எடுத்த விஷயம் தெரியாவிட்டால் இவர்களை மனச்சிதைவு நோயாளிகளிடமிருந்து பிரித்துச் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். மருந்து உடம்பை விட்டுப் போனதும் பெரும்பாலோர் தெளிந்துவிட்டார்கள். அப்படியானால் மனச்சிதைவு நோயிலும் மூளையில் இதே மாதிரி ஏதோ ஒன்றுதான் நடக்கிறதா? கேள்வி அங்கே பிறந்தது.

இதற்கு முன்பே பிரான்சில் இன்னொரு கதவு திறந்திருந்தது. ரோன் பூலாங் நிறுவனத்தில் 1950 டிசம்பரில் பால் ஷார்பான்தியே தயாரித்த குளோர்புரோமசின் என்ற மருந்தை அங்கே சிமோன் கூர்வாசியே என்ற பெண் ஆய்வாளர் எலிகளிடம் சோதித்தார். மணி அடித்ததும் கயிற்றில் ஏறிவிட்டால் மின்அதிர்ச்சி கிடையாது என்று எலிகளுக்குப் பழக்கியிருந்தார்கள். குளோர்புரோமசின் கொடுத்த எலிகள் மணி அடித்தாலும் சும்மா இருந்தன. அதிர்ச்சி பட்ட பிறகுதான் ஏறின. ஏறும் சக்தி இருந்தது, மணிக்குப் பதறும் குணம்தான் போயிருந்தது. 1952இல் பாரிஸ் செயின்ட் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிகெர் ஆகிய இருவரும் இதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள். இது எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாவது ஒரு நூல் இந்தியாவிலிருந்து போனது. சர்ப்பகந்தி வேரைப் பித்துப் பிடித்தவர்களுக்குக் கொடுப்பது இங்கே பழைய வைத்தியம். கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு வங்காள மருத்துவர்கள் 1931இலேயே அதைப் பற்றி எழுதியிருந்தார்கள். பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் ரத்த அழுத்தத்துக்கு அது பலன் தருவதைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகு மேலைநாடுகள் விழித்துக்கொண்டன. 1952இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. இந்த ரெசர்பின் பின்னால் எலிக் கூண்டுக்குள் வரும்போது ஒரு பெரிய குழப்பத்தை உண்டாக்கப் போகிறது.

இனி பெல்ஜியத்தில் உள்ள பீர்சே என்ற ஊர். பால் ஜான்சென் என்ற இளம் மருத்துவர் அங்கே ஒரு ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். அவர் தேடியது மனநோய் மருந்தை அல்ல, வலி மருந்தை. பெத்திடின் என்ற வலிநிவாரணியை அங்கே இங்கே மாற்றிப் புதுப்புது பொருட்களைச் செய்து சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஒரு பொருளைக் கொடுத்தபோது சுண்டெலிகள் முதலில் மார்ஃபின் ஏற்றியது போலத் துள்ளின. மார்ஃபினின் வேகம் தணிந்ததும் வழக்கத்துக்கு மாறாக அமைதியாகி, வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. குளோர்புரோமசின் கொடுத்த சுண்டெலிகளைப் போலவே! முதல் குணத்தைக் கழித்து இரண்டாவதை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று தேடியதில் 1958 பிப்ரவரியில் கிடைத்தது 'ஆர் 1625'. அதுதான் ஹாலோபெரிடால்.

ஜான்சென் பின்னாளில் சொன்ன கதை ஒன்று உண்டு. பெல்ஜியம் சைக்கிள் பந்தயப் பைத்தியம் பிடித்த நாடு. வீரர்கள் களைப்பு தெரியாமலிருக்க ஆம்பெட்டமைன் போட்டுக்கொள்வார்கள். அளவு மீறினவர்கள் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு, எல்லோரையும் சந்தேகித்துக்கொண்டு அலைந்ததைப் பார்த்துத்தான், ஆம்பெட்டமைனை முறிக்கும் மருந்து மனச்சிதைவுக்கும் உதவும் என்று அவருக்குத் தோன்றியதாம். (பந்தயத்தில் இந்த மருந்து எவ்வளவு புழங்கியது என்பதற்கு, 1967இல் வான்டூ மலையேற்றத்தில் ஆம்பெட்டமைனோடு செத்து விழுந்த ஆங்கில வீரர் டாம் சிம்சன் சாட்சி.) கதை எவ்வளவு தூரம் அப்படியே நடந்ததோ, ஆனால் சோதனை என்னவோ உண்மை. பீர்சேயில் எலிக்கு ஆம்பெட்டமைன் அல்லது அபோமார்ஃபின் கொடுத்து, அது கடிப்பதை எந்த மருந்து எவ்வளவு குறைந்த அளவில் நிறுத்துகிறது என்று வரிசையாக அளந்தார்கள். ஹாலோபெரிடால் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் அளவிலேயே நிறுத்தியது. மனிதர்களிடமும் அது குளோர்புரோமசினைவிட ஏறத்தாழ 50 மடங்கு வீரியம் உடையதாக இருந்தது. எலியிடம் பார்த்ததை வைத்து மனிதருக்குச் சோதிடம் சொல்ல முடியுமா என்ற பொருளிலேயே 1965இல் ஜான்சென் குழுவினர் ஒரு கட்டுரை எழுதினார்கள். முடியும் என்பதே அவர்களுடைய பதில்.

ஆனால் ஏன் முடிகிறது? அதைத் தோண்டியவர்கள் டென்மார்க்கில், ராஸ்கில்ட் நகரத்து சென்ட் ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இருந்தார்கள். ஆக்செல் ராண்ட்ரூப்பும் முன்க்வாடும் 1963 முதல் எழுதிய கட்டுரைகளில் எலியின் முகர்தல், நக்கல், கடித்தல் எல்லாம் துல்லியமாக விவரிக்கப்பட்டுள்ளன. எலி மட்டும் அல்ல, ஆம்பெட்டமைன் கொடுத்தால் பல விலங்குகளும் தங்கள் தங்கள் பாணியில் ஏதோ ஒரு செயலில் மாட்டிக்கொள்கின்றன என்று 1967இல் எழுதினார்கள். மனிதரும் விதிவிலக்கு அல்ல. அதே காலத்தில் ஸ்வீடனில் ஊக்கமருந்துக்கு அடிமையானவர்கள் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுக் கோர்ப்பது, பையில் உள்ள சாமான்களை இரவெல்லாம் அடுக்கிக் கலைப்பது என்று இருந்ததை யோஸ்டா ரிலாண்டர் பதிவு செய்தார்.

ராண்ட்ரூப் தொடங்கியபோது சந்தேகம் நார்அட்ரினலின் மேல்தான் இருந்தது. ஏனென்றால் ஆம்பெட்டமைனின் வடிவம் அதைப் போன்றது. ஆனால் நார்அட்ரினலினைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்தும் எலி கடிப்பதை நிறுத்தவில்லை. குளோர்புரோமசின், ஹாலோபெரிடால் வகை மருந்துகள் மட்டும் நிறுத்தின. அப்போதுதான் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் செய்த வேலை கைகொடுத்தது. ரெசர்பின் கொடுத்த முயல்கள் காது தொங்கிப் பொம்மை போல அசையாமல் கிடந்ததையும், எல்-டோபா என்ற பொருளை ஏற்றியதும் அவை எழுந்து நடந்ததையும் கார்ல்சன் 1957இல் காட்டியிருந்தார். எல்-டோபாவிலிருந்து மூளை செய்துகொள்ளும் டோபமைன்தான் அசைவுக்கு முக்கியம் என்பது அதிலிருந்து தெரிந்தது. 1963இல் அவரும் லிண்ட்குவிஸ்டும் குளோர்புரோமசின், ஹாலோபெரிடால் இரண்டும் டோபமைன், நார்அட்ரினலின் செய்திகள் போய்ச் சேரும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன என்ற கருத்தைச் சொன்னார்கள். (கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.)

இங்கேதான் சர்ப்பகந்தியின் குழப்பம் வருகிறது. ரெசர்பின் மூளையில் உள்ள டோபமைன் சேமிப்பைக் காலி செய்துவிடும். சேமிப்பே இல்லாத எலிக்கு ஆம்பெட்டமைன் கொடுத்தால் என்ன ஆக வேண்டும்? ஒன்றும் ஆகக்கூடாது. ஆனால் அசையாமல் கிடந்த எலி எழுந்து ஓடியது, கம்பியையும் கடித்தது! அப்படியானால் டோபமைன் கதையே பொய்யா?

இல்லை. நரம்பு முனையை ஒரு பட்டறை என்று வைத்துக்கொண்டால் விளங்கும். பட்டறையில் செய்யும் சரக்கில் பெரும்பங்கு பின்னால் உள்ள கிடங்குக்குப் போகிறது. ரெசர்பின் காலி செய்வது கிடங்கை. ஆம்பெட்டமைன் கிடங்குக்குப் போகாமல், அப்போதுதான் செய்துமுடித்த சரக்கைப் பட்டறை வாசலிலேயே அள்ளி வெளியே கொட்டிவிடுகிறது. இதைச் சரிபார்க்க ஒரு வழி இருந்தது. ஆல்ஃபா மெத்தில் டைரோசின் என்ற பொருள் டோபமைன் தயாரிப்பையே நிறுத்தும், அதாவது பட்டறையை மூடிவிடும். அதைக் கொடுத்த எலிகளிடம் ஆம்பெட்டமைன் ஏறக்குறைய எடுபடவில்லை. 1966 வாக்கில் இது பல ஆய்வுக்கூடங்களில் உறுதியானது. இன்னும் ஒரு படி போய், மெத்தில்ஃபெனிடேட் என்ற இன்னொரு ஊக்கமருந்து இதற்கு நேர் எதிராக நடப்பதையும் அதே ராஸ்கில்ட் குழுவில் ஷேல் க்ரூகர் 1971இல் காட்டினார். அதைக் கொடுத்தால் எலி அதேபோலத்தான் கடிக்கிறது. ஆனால் ரெசர்பின் முன்னாலேயே கொடுத்துவிட்டால் கடி நின்றுபோகிறது. அந்த மருந்து கிடங்குச் சரக்கை நம்பியிருப்பது! வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கடிதான், உள்ளே வழி வேறு. மூளையைத் திறக்காமல், ஒரு மருந்தின் மேல் இன்னொரு மருந்தைக் கொடுத்து எலி என்ன செய்கிறது என்று பார்த்தே இவ்வளவையும் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

பார்ப்பது என்று சொன்னாலும் அது சுலபமான வேலை இல்லை. எலியின் ஓட்டத்தை எண்ண 1950களிலேயே கருவி வந்துவிட்டது. கூண்டின் குறுக்கே ஒளிக்கற்றை இருக்கும், எலி அதை வெட்டும்போதெல்லாம் ஒரு எண் ஏறும். ஆனால் கம்பியைக் கடித்தபடி ஓரிடத்தில் நிற்கும் எலி எந்த ஒளியையும் வெட்டாது. எண்ணைப் பார்த்தால் அந்த எலி தூங்குகிறது என்றே நினைக்கத் தோன்றும். அதைவிட மோசம், அதிக ஆம்பெட்டமைன் கொடுத்த எலிக்குக் கொஞ்சம் ஹாலோபெரிடால் கொடுத்தால் கடி குறைந்து எலி மறுபடி ஓட ஆரம்பிக்கும். கருவியின் எண் கூடும். ஊக்கத்தை முறிக்கும் மருந்து ஊக்கத்தைக் கூட்டியதாகக் கணக்கில் பதிவாகும்! அதனால் ஆள் ஒருவர் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடும் முறை வந்தது. கேம்பிரிட்ஜில் இயன் க்ரீஸும் சூசன் ஐவர்சனும் 1973இல் பயன்படுத்திய அளவுகோல் பின்னால் எங்கும் பரவியது. தூங்கினால் அல்லது அசையாமல் இருந்தால் 0, நடமாடினால் 1, ஓரிடத்தில் நின்று முகர்ந்துகொண்டே இருந்தால் 4, இடைவிடாமல் கம்பியைக் கடித்தால் அல்லது நக்கினால் 6. பார்ப்பவருக்கு எந்த எலிக்கு எந்த மருந்து என்பது தெரியக்கூடாது. மதிப்பெண் போடுபவர் மணிக்கணக்கில் ஒரு எலியையே பார்த்துக்கொண்டிருக்க, எலி ஒரு கம்பியையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஓடுவதும் கடிப்பதும் ஒரே விளைவின் சிறிய, பெரிய வடிவங்கள் என்றுதான் அதுவரை பலரும் நினைத்தார்கள். 1975இல் பீட்டர் கெல்லி, செவியர், ஐவர்சன் ஆகியோர் அதை உடைத்தார்கள். டோபமைன் நரம்புகளைக் கொல்லும் 6-ஹைட்ராக்ஸிடோபமைன் என்ற நஞ்சை எலி மூளையின் ஒரு சிறு பகுதியில் செலுத்தினார்கள். நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியில் செலுத்தினால் எலி ஓடுவது நின்றது, கடிப்பது நிற்கவில்லை. காடேட் என்ற பகுதியில் செலுத்தினால் கடிப்பது நின்றது, ஓடுவது நிற்கவில்லை. ஒரே ஊசி மருந்து, இரண்டு தனித்தனி இடங்கள்.

இதே நஞ்சை வைத்து ஸ்வீடனில் உர்பன் உங்கர்ஸ்டெட் ஏற்கெனவே ஒரு வித்தை காட்டியிருந்தார். மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் டோபமைன் நரம்புகளை அழித்துவிட்டு ஆம்பெட்டமைன் கொடுத்தால், எலி அழிந்த பக்கமாகவே வட்டம் வட்டமாகச் சுற்றும். அபோமார்ஃபின் கொடுத்தால் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். 1970இல் இதை எண்ணும் கருவியையும் அவர்கள் விவரித்தார்கள். பார்க்கின்சன் நோய் மருந்துகளைத் தேடுபவர்களுக்கு அது பெரிய வரமாக அமைந்தது. அது தனிக்கதை.

காடேட் என்பது ஸ்ட்ரையேட்டம் என்ற பெரிய பகுதியின் ஒரு பங்கு. அங்கே டோபமைன் குறைந்தால் மனிதருக்கு வருவது பார்க்கின்சன் நோய்: கை நடுக்கம், உடல் விறைப்பு, முகத்தில் உணர்ச்சியின்மை. அப்படியானால் எலி கம்பியைக் கடிப்பதை நிறுத்தும் மருந்து என்றால் என்ன அர்த்தம்? மனிதருடைய ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைனை அடைக்கும் மருந்து என்று அர்த்தம். அந்தச் சல்லடையில் தேறி வரும் ஒவ்வொரு மருந்தும் நடுக்கத்தையும் விறைப்பையும் கூடவே கொண்டுவரும். கொண்டுவந்தது. ஹாலோபெரிடால் சாப்பிட்டவர்கள் மரப்பாவை போல நடந்தார்கள். சிலருக்கு ஆண்டுகள் போனபின் வாயும் நாக்கும் தானாகவே அசைந்துகொண்டிருக்கும் நோய் வந்தது, மருந்தை நிறுத்தினாலும் பலருக்கு அது போகவில்லை. 1964இல் அதற்கு இன்று வழங்கும் பெயரை வைத்த ஃபவுர்பியே, எலிகள் கம்பி கடித்துக்கொண்டிருந்த அதே சென்ட் ஹான்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்தவர்.

இதில் வருந்தத்தக்க விஷயம், அந்தக் காலத்து மருத்துவர்கள் பலர் இதைக் குறையாகவே கருதவில்லை. உடல் கொஞ்சம் விறைத்தால்தான் மருந்து மனதில் வேலை செய்கிறது என்று பொருள் என்றார்கள். ஜெர்மனியில் ஹாசே என்பவர் நோயாளியைத் தினமும் எழுதச் சொல்லி, கையெழுத்து சுருங்க ஆரம்பிக்கும் அளவே சரியான அளவு என்று ஒரு முறையே வகுத்தார். எலியிடம் கடி நிற்க வேண்டும், மனிதரிடம் கையெழுத்து சுருங்க வேண்டும்.

1974இல் அமெரிக்காவில் ஆங்கிரிஸ்ட், கெர்ஷான் குழுவினர் ஆம்பெட்டமைன் கொடுத்து மனக்குழப்பம் வரவழைத்த மனிதர்களுக்கு ஹாலோபெரிடால் கொடுத்துத் தெளிய வைத்துக் காட்டினார்கள். (இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது.) 1975, 76இல் டொராண்டோவில் சீமனும் பால்டிமோரில் ஸ்னைடரும், மருத்துவமனையில் எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் தேவைப்படுகிறதோ அது அந்த மருந்து டோபமைன் ஏற்பியில் ஒட்டும் வலிமையோடு பொருந்துகிறது என்று தனித்தனியாகக் காட்டினார்கள். எலி, மனிதர், சோதனைக்குழாய் மூன்றும் ஒரே சொல்லைச் சொன்னதால் விஷயம் முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நம்பினார்கள். ஒரே சல்லடையில் சலித்த மருந்துகள் ஒன்றுபோல இருந்ததில் என்ன அதிசயம் என்று கேட்டவர்கள் குறைவு.

ஒரு மருந்து மட்டும் பொருந்தவில்லை. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வான்டர் என்ற நிறுவனம் 1958இல் தயாரித்த குளோசபின். எலிக்குக் கொடுத்தால் தூங்கி வழிந்தது, ஓட்டம் குறைந்தது. ஆனால் அபோமார்ஃபினால் வரும் கடி நிற்கவில்லை, உடல் விறைக்கவும் இல்லை. அன்றைய கணக்குப்படி இது மனநோய் மருந்தே அல்ல. நிறுவனத்துக்குள்ளேயே அதில் நம்பிக்கை இல்லாதவர்கள் இருந்தார்கள். ஆனால் அதைக் கொடுத்துப் பார்த்த ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் மருத்துவர்கள் விடவில்லை. நோயாளிகள் தேறுகிறார்கள், நடுக்கமும் இல்லை என்றார்கள். 1972இல் விற்பனைக்கு வந்தது. 1975இல் ஃபின்லாந்தில் குளோசபின் எடுத்தவர்களில் சிலருக்கு ரத்த வெள்ளணுக்கள் திடீரென்று குறைந்து, எட்டுப் பேர் இறந்தார்கள். பல நாடுகளில் மருந்து நிறுத்தப்பட்டது.

மற்ற மருந்தாக இருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் வேறு எதற்கும் மசியாத நோயாளிகள் இதற்கு மட்டும் தேறியிருந்தார்கள். அமெரிக்காவில் ஜான் கேன் குழுவினர் எந்த மருந்துக்கும் கட்டுப்படாத 268 நோயாளிகளிடம் சோதித்து 1988இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு வாரத்தில் குளோர்புரோமசினால் தேறியவர்கள் 4 சதவீதம், குளோசபினால் தேறியவர்கள் 30 சதவீதம். வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு 1989இல் அமெரிக்கா அனுமதித்தது. எலிச் சோதனையில் தோற்ற மருந்துதான் மற்ற எல்லாவற்றையும்விட நல்ல மருந்து!

அதற்குப் பிறகு எலிகளின் பழைய பதிவுகளை எல்லோரும் புரட்டிப் பார்த்தார்கள். குளோசபின் கடியை நிறுத்தாவிட்டாலும் ஆம்பெட்டமைன் தரும் ஓட்டத்தைக் குறைத்திருந்தது. 1975இன் இரண்டு இடங்கள் நினைவுக்கு வந்தன. ஓட்டம் அக்கம்பென்ஸ், கடி ஸ்ட்ரையேட்டம். ஓட்டத்தைக் குறைத்து, கடியையும் விறைப்பையும் தொடாத மருந்தே நல்ல மருந்து என்று அளவுகோல் மாறியது. 1990களில் வந்த ஓலன்சபின், க்வெட்டியபின் போன்றவை இந்தப் புது அளவுகோலின் காலத்து மருந்துகள். நடுக்கம் குறைந்தது. உடல் எடையும் சர்க்கரையும் ஏறின. ஆம்பெட்டமைன் எலியின் ஓட்டத்தை எண்ணும் எந்தக் கருவியும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை.

ராஸ்கில்டின் பழைய கட்டுரைகளில் இன்னொன்றும் கிடந்தது. 1968இல் ஆர்ன்ஃப்ரெட், ராண்ட்ரூப் இருவரும் ஆம்பெட்டமைன் எலிகளுக்கு அசிடைல்கோலினைக் கூட்டும் மருந்தைக் கொடுத்தபோது கடி குறைந்தது, அசிடைல்கோலினைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது கடி கூடியது. டோபமைனைத் தொடாமலே கடியை அடக்க மூளைக்குள் இன்னொரு கடிவாளம் இருக்கிறது என்பது இதன் பொருள். அதைப் பிடித்து மருந்து செய்ய முயன்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று உடம்பு முழுவதும் தொல்லை வந்தது. 1990களில் அல்சைமர் நோய்க்கென்று சோதிக்கப்பட்ட சனோமெலின் என்ற மருந்து அந்த நோயாளிகளின் பிரமைகளைக் குறைத்தது. ஆம்பெட்டமைன் எலிகளையும் அடக்கியது. ஆனால் வயிற்றுத் தொல்லையால் கைவிடப்பட்டது. பின்னால், மூளைக்குள் நுழையாத ட்ரோஸ்பியம் என்ற மருந்தைக் கூடச் சேர்த்து, மூளைக்கு வெளியே மட்டும் அதன் விளைவை அடைத்தார்கள். 2024 செப்டம்பரில் அமெரிக்கா இந்தக் கூட்டு மருந்தை அனுமதித்தது. டோபமைன் ஏற்பியை அடைக்காமல் மனச்சிதைவு நோயைக் குறைக்கும் முதல் மருந்து என்று அது வரவேற்கப்பட்டது. ராஸ்கில்ட் எலிகள் சொல்லி 56 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே கடிவாளத்தை இன்னும் குறிபார்த்துப் பிடிப்பதாகச் சொல்லப்பட்ட எம்ராக்ளிடின் என்ற மருந்து, இரண்டே மாதங்களில், 2024 நவம்பரில், நோயாளிகளிடம் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை என்று தெரியவந்தது. குளுட்டமேட் வழியாக எலிகளின் ஓட்டத்தை அழகாக அடக்கிய மருந்து ஒன்றும் 2012இல் இப்படித்தான் பெரிய சோதனையில் தோற்றது.

மனச்சிதைவு நோயாளிகளின் வீட்டார் மிகவும் வருந்துவது குரல்களைப் பற்றியோ சந்தேகங்களைப் பற்றியோ மட்டும் அல்ல. யாரோடும் பேசாமல், எதிலும் விருப்பமில்லாமல், மூலையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறார்கள். இந்த மருந்துகள் எல்லாம் அதைத் தொடுவது மிகக் குறைவு. ஆம்பெட்டமைன் கொடுத்த எலி ஓடுகிறது, முகர்கிறது, கடிக்கிறது. மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கும் எலிக்கு அந்த அளவுகோலில் கிடைக்கும் மதிப்பெண் 0.